சைலன்சரில் சொட்டும் தண்ணீர்: ஹெட்டை இறக்குவதற்கு முன்

குன்னூரில் மாமா வீட்டு ஷெட்டில் ஒரு 2004 மாடல் மாருதி 800 நிற்கிறது. எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் சொல்படி இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் வகை), 796 சிசி, மூன்று சிலிண்டர். மாமாவும் அத்தையும் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய் ஓராண்டுக்கு மேல் ஆகிறது. போகும்போது பக்கத்து வீட்டு அண்ணனிடம் சாவியைக் கொடுத்து, "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிடுங்க, பேட்டரி செத்துடாம இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த அண்ணனும் ஞாயிறுதோறும் தவறாமல் அப்படியே செய்திருக்கிறார்.

சில மாதங்களில் சைலன்சர் வாயிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்திருக்கிறது. அப்புறம் சொட்டு ஒழுக்காகி, ஆக்சிலரேட்டரை மிதித்தால் கரி கலந்த தண்ணீர் பின்சுவரில் தெறித்திருக்கிறது. கூடவே வெள்ளைப் புகை. மாமா டவுனில் ஒரு மெக்கானிக்கிடம் போனில் கேட்டதற்கு, "ஹெட் கேஸ்கட் போயிருக்கும், ஹெட்டை இறக்கித்தான் பார்க்கணும்" என்று பதில் வந்திருக்கிறது. ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல்மூடி, அதன் அடியில் ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் போகாமல் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். பயந்துபோய் ஸ்டார்ட் செய்வதையே நிறுத்தச் சொல்லிவிட்டார். பேட்டரியும் இறங்கிப்போனது. ஜனவரியில் நான் குன்னூர் போகிறேன் என்று தெரிந்ததும் கூப்பிட்டார்: "கண்ணு, இதுக்கு இனி செலவு பண்ணலாமா, இல்ல எடைக்குப் போட்டுடலாமா? நீயே பார்த்துச் சொல்லு."

ஹெட்டை இறக்க வேண்டிய தேவையே வரவில்லை. இதே மாதிரி நிறுத்தி வைத்த வண்டியில் தண்ணீரைப் பார்த்துப் பயந்து ஹெட்டைக் கழற்றக் கொடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அதனால்தான் எதை எந்த வரிசையில் பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று விரிவாக எழுதுகிறேன்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது

பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும். எரியும்போது கார்பன் கார்பன் டை ஆக்சைடாகும், ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகும். 1 லிட்டர் பெட்ரோல் முழுவதுமாக எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் கணக்கு அதுதான். தினமும் ஓடும் வண்டியில் அது நீராவியாகவே வெளியே போய்விடுவதால் நம் கண்ணில் படுவதில்லை.

புகைக்குழாய் குளிர்ந்திருந்தால் கதை வேறு. பெட்ரோல் எஞ்சின் புகையிலுள்ள நீராவி சுமார் 50 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எந்த உலோகத்தைத் தொட்டாலும் அதில் தண்ணீராகப் படிந்துவிடும். சாம்பார் கொதிக்கும் பாத்திரத்தை மூடிய தட்டின் அடியில் முத்து முத்தாக நிற்குமே, அதேதான். சைலன்சர் பெட்டி எஞ்சினிலிருந்து வெகுதூரத்தில், வண்டியின் கடைசியில் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் வெறும் ஐடிலில் வண்டி நிற்கும்போது அந்தப் பெட்டி சூடேறக் கடைசியிலும் கடைசி.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். "வண்டி ரொம்ப நாள் நின்றதால் ஈரக்காற்று உள்ளே போய்த் தண்ணீர் சேர்ந்துவிட்டது" என்று பலரும் சொல்வார்கள். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் அளவுக்குத்தான் நீராவியைத் தாங்கும். சைலன்சரும் குழாயும் சேர்த்து உள்ளளவு 10 லிட்டர் என்று வைத்தால், அதற்குள் இருக்கும் காற்றில் உள்ள மொத்த ஈரமும் 0.2 கிராமுக்குக் குறைவு. மூன்று நான்கு சொட்டு. இரவும் பகலும் காற்று கொஞ்சம் உள்ளே வெளியே போய்வந்தாலும் ஒழுகும் அளவுக்குச் சேராது. மாறாக, குளிர்ந்த எஞ்சினை ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டால் சுமார் 50, 60 மில்லி பெட்ரோல் எரியும். கிட்டத்தட்ட அதே அளவு தண்ணீர் உண்டாகி, அதில் ஒரு பங்கு குளிர்ந்த சைலன்சரிலேயே தங்கிவிடும். அடுத்த ஞாயிறு அதன் மேல் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம்.

ஆக, வண்டி நின்றதால் தண்ணீர் சேரவில்லை. வாராவாரம் ஐந்து நிமிடம் ஓடியதால்தான் சேர்ந்தது. ஆனால் இது என் ஊகம் மட்டும்தான், சோதித்துப் பார்க்காமல் மாமாவிடம் சொல்ல முடியாது. ஹெட் கேஸ்கட் உண்மையிலேயே போயிருந்தாலும் வெளியே தெரிவது இதே தண்ணீரும் இதே வெள்ளைப் புகையும்தான்.

சாவியைப் போடுவதற்கு முன்

கேஸ்கட் போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும் வண்டியை நேராக ஸ்டார்ட் செய்யக் கூடாது. ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி நின்றிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது அந்தத் தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சின்னச் செலவில் முடிய வேண்டியது எஞ்சின் வேலையாகிவிடும். அதனால் முதல் வேலை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவது.

வண்டியைத் தள்ளி ஷெட்டுக்கு வெளியே கொண்டுவந்தேன். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிடவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டுப் பானெட்டைத் திறந்தேன். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது, நல்லவேளையாக வயர் எதையும் கடிக்கவில்லை. சைலன்சர் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தேன். நிறுத்தி வைத்த வண்டியின் குழாயில் குளவி மண்கூடு கட்டி அடைத்துவிடுவது சாதாரணம். இதில் கூடு இல்லை, வாயின் அடிவிளிம்பில் மட்டும் கரியும் துருவும் சேர்ந்து கெட்டியாகப் படிந்திருந்தது.

மூன்று பிளக்கையும் கழற்றி, எந்த சிலிண்டருடையது என்று தெரியும்படி ஒரு துணியில் வரிசையாக வைத்தேன். கேஸ்கட் ஒழுக்கு இருந்தால் அந்த சிலிண்டரின் பிளக் மட்டும் நீராவி பட்டுப்பட்டுக் கழுவிவிட்டதுபோல் வெளுத்திருக்கும். நம் ஊரில் ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் உண்டு என்பதால் வெள்ளை உப்பும் படிந்திருக்கலாம். இங்கே மூன்றும் ஒரே மாதிரி, உலர்ந்த கறுப்புக் கரி. கறுப்புக் கரி என்றால் எஞ்சின் குளிரிலேயே, பெட்ரோல் அதிகமாகச் சேர்ந்த கலவையில் ஓடியிருக்கிறது. என் ஊகத்துக்கு இது முதல் ஆதரவு.

ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, சற்று ஊறவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றினேன். தடங்கல் இல்லாமல் சுற்றியது. பிறகு பெட்ரோலும் தீப்பொறியும் வராதபடி ஃபியூயல் பம்ப் ஃபியூசையும் இக்னிஷன் கப்ளரையும் எடுத்துவிட்டு, சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டி, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்தேன். பிளக் துளைகளிலிருந்து ஆயில் தூறல் வந்தது, தண்ணீர் வரவில்லை. ஆயில் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டு அடித்தேன். ரொம்ப நாள் நின்ற எஞ்சினில் ஆயில் மேலே ஏறிய பிறகு ஸ்டார்ட் செய்வதுதான் பேரிங்குக்கு நல்லது.

ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக, ஆனால் தெளிவாக இருந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தபோதுதான் யாரும் பயப்படக்கூடிய காட்சி. மூடியின் உட்புறம் முழுக்க வெளிர் மஞ்சள் நிறத்தில் வெண்ணெய் மாதிரிக் களிம்பு. இதைப் பார்த்ததும் "ஆயிலில் தண்ணி கலந்துடுச்சு, கேஸ்கட்தான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்த இடத்தில் நிதானம் வேண்டும். எஞ்சின் சூடேறாமல் ஓடி ஓடி நின்றால், சிலிண்டரிலிருந்து பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே கசியும் புகையிலும் அதே நீராவி இருக்கிறது. அது எஞ்சினின் மேல்பகுதியில், இருப்பதிலேயே குளிர்ந்த இடமான மூடியில் போய்ப் படிந்து ஆயிலோடு கலந்து இந்தக் களிம்பாகிறது. குன்னூர் மாதிரி குளிர்ப் பிரதேசத்தில், பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வரும் நல்ல வண்டிகளிலும் இதைப் பார்க்கலாம். ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருந்தால் டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் காப்பி நிறத்தில் கலங்கி, அளவும் ஏறியிருக்கும். இங்கே அப்படி இல்லை. ஆனாலும் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும், அதில் சேர்ந்த ஈரமும் எரியாத பெட்ரோலும் பேரிங்கைத் தின்னும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன்.

பெட்ரோலையும் பார்த்துவிட வேண்டும். கைப்பம்பால் டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெயிலில் பிடித்தேன். மேலே வைக்கோல் நிறம், அடியில் மெல்லிய கோடு மாதிரி வேறொரு படலம், பாட்டிலைச் சாய்த்தால் அது தனியாக நகர்ந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். ஓரளவு வரை தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினாலோ நன்றாகக் குளிர்ந்தாலோ தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்துவிடும். ஃபியூயல் பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். சைலன்சர் தண்ணீருக்கு இது காரணம் இல்லை, ஆனால் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் கெடுதல். இருந்ததை எல்லாம் இறக்கிவிட்டுப் புதிதாக ஐந்து லிட்டர் ஊற்றினேன்.

ஸ்டார்ட் செய்தபின்

ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையிலேயே திறந்து, கழுத்து வரை நிரப்பி, திறந்தபடியே வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். கேஸ்கட் வழியாக சிலிண்டரில் எரிந்த வாயு ரேடியேட்டருக்குள் போனால், எஞ்சின் குளிராக இருக்கும்போதே கழுத்தில் குமிழி விடாமல் வந்துகொண்டிருக்கும். ஆரம்பத்தில் உள்ளே சிக்கிய காற்று ஒன்றிரண்டு குமிழியாக வெளியேறியது, பிறகு அமைதி. மேட்டுப்பாளையத்தில் ஒரு நண்பரிடம் கேஸ்கட் ஒழுக்கு பார்க்கும் குழாய் இருந்தது, அதை வாங்கி வந்திருந்தேன். நீல நிறத் திரவம், ரேடியேட்டர் கழுத்துக் காற்றை அதன் வழியாக இழுக்க வேண்டும். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். நன்றாகச் சூடேறும்வரை வைத்துப் பார்த்தும் நீலம் நீலமாகவே இருந்தது.

பின்னால் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைப் புகையும் வந்தது. நீராவி என்றால் வாயிலிருந்து சில அடி தூரத்திலேயே கரைந்துவிடும், கூலன்ட் (ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்) எரிந்த புகை என்றால் கலையாமல் தொங்கும், இனிப்பு நெடி அடிக்கும் என்று சொல்வார்கள். சமவெளியில் இது சரியான அடையாளம். குன்னூர் காலைப் பனியில் நீராவியும் நெடுநேரம் தொங்கும். அதனால் இங்கே நான் மூக்கையே நம்பினேன். கையில் படும்படி புகையைப் பிடித்து முகர்ந்தால் பெட்ரோல் நெடியும் கரியும்தான், இனிப்பு இல்லை. சொட்டிய தண்ணீரை ஒரு எவர்சில்வர் தட்டில் பிடித்து அடுப்பில் உலர்த்தியும் பார்த்தேன். கரித்தூளும் துருத்தூளும் மிஞ்சின, பிசுக்கு எதுவும் இல்லை. ஆனால் இந்தத் தட்டுச் சோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது, ஏனென்றால் சிலிண்டருக்குள் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது அதிலுள்ள உப்பு அங்கேயே பிளக்கிலும் வால்விலும் தங்கிவிடும். பிளக்குகளைப் பார்த்தது ஏற்கெனவே அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது.

இதற்குள் ஒரு விஷயம் உறுத்தியது. எஞ்சின் இவ்வளவு நேரம் ஓடியும் வெப்பமானி முள் அடியை விட்டுச் சரியாக எழவில்லை. ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது தெர்மோஸ்டாட் வால்வு. அது நன்றாக இருந்தால் அந்த ஹோஸ் முதலில் குளிர்ந்தே இருந்து, வால்வு திறந்ததும் சட்டென்று கொதிக்க வேண்டும். இங்கே ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தது. எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, தெர்மோஸ்டாட் கூட்டைக் கழற்றினால் உள்ளே காலி. வண்டி முன்பு சமவெளியில் ஓடியபோது யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு இது வேண்டாம், இருந்தால் ஹீட் ஆகும்" என்று கழற்றிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. எந்த ஊரிலும் எஞ்சின் தன் வேலை வெப்பத்துக்கு வந்தாக வேண்டும். மலையில் அது இல்லையென்றால் எஞ்சின் வாழ்நாள் முழுக்கக் காலைக்குளிரிலேயே ஓடுகிற மாதிரி. கம்ப்யூட்டர் எஞ்சின் இன்னும் குளிர் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டித் தெளித்துக்கொண்டே இருக்கும். பிளக்கில் கரி, புகையில் கரி, ஆயிலில் பெட்ரோல், சைலன்சரில் தண்ணீர் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

82 டிகிரியில் திறக்கும் வால்வு ஒன்றை வாங்கினேன். மாருதி 800 உற்பத்தி 2014இல் நின்றுவிட்டாலும் உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சம் இல்லை. மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு போட்டு அடுப்பில் வைத்துப் பார்த்தேன், நன்றாகத் திறந்தது. குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். 82 டிகிரி வால்வு திறக்க அது போதும். வால்வைப் புதுக் கேஸ்கட்டோடு பொருத்தி, பழைய கலங்கல் தண்ணீரை எல்லாம் இறக்கி, தயாராகக் கலந்து வரும் பச்சைக் கூலன்ட் ஊற்றினேன். நிறம் இருந்தால் பிறகு எங்கே ஒழுகினாலும் கண்டுபிடிக்கலாம். வண்டியிலுள்ள கூலன்ட் டப்பாவில் அளவுக்கோட்டை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொண்டேன்.

சைலன்சருக்குக் கீழே

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, கீழே படுத்துப் பார்த்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்குக் கீழே போக வேண்டாம்.

எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஒரு ஈரத்துணியால் குழாய் முழுக்க ஆங்காங்கே தொட்டுக்கொண்டே வந்தேன். முன்பக்கக் குழாயில் துணி பட்டதும் சுர்ரென்று ஆவியானது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தாண்டியதும் மெதுவாக உலர்ந்தது. நடுக்குழாயில் ஈரத்தடம் அப்படியே நின்று, நெடுநேரம் கழித்துத்தான் மறைந்தது. கடைசிப் பெட்டியில் நான் தொட்ட ஈரம் உலரவே இல்லை. கையால் தொடக்கூடிய வெதுவெதுப்புதான். வாரம் ஐந்து நிமிடம் என்ன, இப்படி ஐடிலில் இருபது நிமிடம் விட்டாலும் அந்தப் பெட்டி உலராது என்பதை அந்த ஈரத்தடமே காட்டிவிட்டது.

பெட்டியின் அடியில், இருப்பதிலேயே தாழ்ந்த இடத்தில், ஒரு சின்னத் துளை இருக்கும். தயாரிப்பாளரே போட்டு அனுப்புவது, தேங்கும் தண்ணீர் வடிய. இந்த வண்டியில் அது துருவும் கரியும் சேர்ந்து மூடிப்போய், தேடினால்தான் தெரிந்தது. சைக்கிள் ஸ்போக் ஒன்றால் குத்திச் சுழற்றினேன். முதலில் களி மாதிரிக் கறுப்பாகப் பிதுங்கியது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனதும், பழுப்பும் கறுப்புமாகத் தண்ணீர் நூலாகப் பீறிட்டு வந்தது. கீழே வைத்த டப்பாவில் அரை லிட்டருக்குக் குறையாமல் சேர்ந்தது. முகர்ந்தால் லேசான புளிப்பு நெடி. புகையில் உள்ள நைட்ரஜன், கந்தக ஆக்சைடுகள் தண்ணீரில் கரைந்தால் அது அமிலத்தன்மை கொள்கிறது. அதனால்தான் சைலன்சர் எப்போதும் உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கிறது. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், ஒருநாள் அடி கழன்று விழும்.

ஸ்க்ரூடிரைவர் முனையால் பெட்டியின் அடித் தையல் நெடுகத் தட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் கணீரென்ற சத்தம். துளைக்குப் பின்னால் ஓரிடத்தில் மட்டும் சத்தம் மங்கியது, அழுத்தினால் முனை உள்ளே போனது. கட்டைவிரல் நகம் அளவுக்குத் தகடு அரித்துப்போயிருந்தது. சைலன்சரைத் தனியாகக் கழற்றி, வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போனேன். வண்டியில் இருந்தபடியே வெல்டிங் வைத்தால் எஞ்சின் கம்ப்யூட்டருக்கு ஆபத்து, பெட்ரோல் டேங்க் வேறு பக்கத்திலேயே இருக்கிறது. பட்டறை அண்ணன் அரித்த இடத்தைச் சுற்றிச் சுத்தமாகத் தேய்த்து, இரும்புத் தகடு வைத்து அழகாகப் பற்றவைத்தார். முடித்துவிட்டு, "பக்கத்துல இன்னொரு ஓட்டை இருக்கே, அதையும் அடைச்சிடட்டுமா?" என்றார். "வேண்டாங்கண்ணே, அது தண்ணி வடியறதுக்குத்தான்" என்றேன். இப்படி நல்ல மனதோடு அடைக்கப்பட்ட வடிதுளைகள் எத்தனையோ. சைலன்சரைப் பட்டறையில் கொடுத்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாட்டும்போது ரப்பர் தொங்கிகளை மாற்றினேன், இணைப்பில் சைலன்சர் பேஸ்ட் போட்டேன்.

மேலே ஏறும் பாதை

உலர்த்துவதற்கு வண்டியை உண்மையிலேயே சூடாக ஓட்ட வேண்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், பிரேக் எல்லாம் சரிபார்த்த பிறகுதான் ரோட்டில் இறக்கினேன். மலைப்பாதையில் இவற்றில் எதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது.

பக்கத்து வீட்டு அண்ணன், "மேட்டுப்பாளையம் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வந்துடுங்க, சரியாயிடும்" என்றார். திரும்பி ஏறும்போதுதான் சூடேறும், முதலில் வரும் இறங்கும் பாதை இதற்கு உதவாது. பர்லியார் வழியாகக் கீழே இறங்கும்போது எஞ்சின் பிரேக்கிலேயே வண்டி வரும், பெட்ரோல் எரிவது மிகக் குறைவு, சைலன்சர் ஆறிக்கொண்டே போகும். ஏற வேண்டும். அதனால் ஊட்டிப் பக்கம் திருப்பினேன். வெலிங்டன், அருவங்காடு தாண்டி எல்லநள்ளி, கேத்தி என்று ஏற்றம். செகண்ட், தேர்டு கியரில் எஞ்சின் நன்றாக மூச்சு வாங்கி ஏறியது. முள் புது வால்வின் தயவில் நடுவுக்கு வந்து அங்கேயே நின்றது. அருவங்காடு வரை பின்னால் வெண்புகை கண்ணாடியில் தெரிந்தது. கேத்தி அருகே ஓரமாக நிறுத்திப் பார்த்தபோது வாயில் நீராவி இல்லை. சைலன்சர் பெட்டி மேல் தண்ணீர் தெளித்தேன். தெளித்த துளிகள் சுர்ரென்று சுருண்டு மறைந்தன. வடிதுளையில் ஈரம்கூட இல்லை.

திரும்பி வந்து, சூடு இருக்கும்போதே கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்த்தேன். முன்பு ஆயில் விட்டிருந்ததால் அப்போது பார்த்திருந்தால் அளவு கூடுதலாகக் காட்டியிருக்கும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி மூன்று சிலிண்டரிலும் 136, 132, 138 பி.எஸ்.ஐ. கோயம்புத்தூரில் எடுத்தால் இன்னும் கணிசமாகக் கூடுதலாக இருக்கும். குன்னூர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் மீட்டரும் குறைத்தே காட்டும். மலையில் பார்க்கும்போது புத்தக எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்படாமல், சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். கேஸ்கட் போயிருந்தால் ஒரு சிலிண்டரோ அடுத்தடுத்த இரண்டோ தனியாக விழுந்திருக்கும். இங்கே மூன்றும் கிட்டத்தட்டச் சமம்.

ஆயில் மூடியைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது சுத்தமாக இருந்தது. மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினில் கூலன்ட் மார்க்கர் கோட்டிலேயே நின்றது. ஸ்டார்ட் செய்ததும் வாயில் சில சொட்டு விழுந்தது. அது எந்த நல்ல வண்டியிலும் விழும்.

மாமாவிடம் போனில் சொன்னேன்: எடைக்குப் போட வேண்டாம், ஹெட்டைத் தொட வேண்டாம். "அப்ப வாரவாரம் ஸ்டார்ட் பண்ணச் சொல்லட்டுமா?" என்றார். அதைத்தான் நிறுத்தச் சொன்னேன். பேட்டரியைக் காப்பாற்ற ஸ்டார்ட் செய்வது கணக்கிலும் உதைக்கிறது. செல்ஃப் அடிப்பதிலும் வாரம் முழுக்க நிற்பதிலும் இறங்கும் சார்ஜை ஐந்து நிமிட ஐடில் சரியாக ஈடு செய்யாது, சைலன்சரில் தண்ணீர் சேர்ந்ததுதான் மிச்சம். இப்போது பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை சார்ஜர் போட்டால் போதும் என்று பக்கத்து வீட்டு அண்ணனிடம் காட்டிக்கொடுத்தேன், அவரும் சரி என்றார். வண்டியை எடுத்தால் ஊட்டி வரையாவது போய்வர வேண்டும், இல்லையென்றால் தொடவே வேண்டாம். டேங்கில் பெட்ரோலைக் குறைவாக வைத்திருப்பதும் நல்லது, இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 என்பதால் பழசாகித் தண்ணீர் இழுப்பதற்கு முன் தீர்ந்துவிட வேண்டும்.

ஹேண்ட் பிரேக் போட்டபடியே நின்றதில் பின் டிரம்மில் ஒரு பக்கம் லேசாகப் பிடிக்கிறது. அடுத்த முறை போகும்போது இரண்டு டிரம்மையும் கழற்ற வேண்டும், கேபிளும் மாற்ற வேண்டியிருக்கும். அதுவரை ஹேண்ட் பிரேக் போடாமல் ஃபர்ஸ்ட் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்தியிருக்கிறேன்.